தேடச் சொன்ன பொறுமை

1998ஆம் ஆண்டு வண்ணாரப்பேட்டைப் பகுதியில், ஏழை முஸ்லிம் குடும்பமொன்றின் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஆட்டோவில் தூக்கிச் செல்லப்பட்டது. மறு ஆண்டு புளியந்தோப்பிலிருந்து சிறுவர்கள் காணாமல் போயினர். பல ஆண்டுகளுக்குப் பின், 2005இல் கடத்தல்காரர்கள் பிடிபட்டபோதுதான் விவரம் வெளிவந்தது. ‘மலேசியன் சோசியல் சர்வீசஸ்’ என்னும் தத்தெடுப்பு நிறுவனத்திடம் குழந்தைகள் விற்கப்பட்டதாகவும், அங்கே புதிய பெயரும் புதிய ஆவணங்களும் பெற்று ஆஸ்திரேலியா, அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டதாகவும் விசாரணை கூறியது. பின்னர் சி.பி.ஐ. இவ்வழக்கை ஏற்றது. 1991க்கும் 2003க்கும் இடையில் குறைந்தது 165 குழந்தைகளை அந்நிறுவனம் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுத்திருந்தது. அவர்களுள் எத்தனை பேர் திருடப்பட்டவர்கள்? நெதர்லாந்தில் வளரும் சிறுவன் தங்கள் மகன்தான் என்று வழக்காடிய புளியந்தோப்புப் பெற்றோருக்கு மரபணுச் சோதனைகூடக் கிடைக்கவில்லை; அந்நாட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இது வடசென்னையின் பழங்கதை என்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வாழும் நாம் கடந்துவிட முடியாது. தொழிற்பேட்டையை நம்பி வந்த குடும்பங்கள் இங்கே வரிசை வீடுகளில் வாழ்கின்றன. தாயும் தந்தையும் ஷிப்டுக்குப் போனால், எட்டு வயதுப் பிள்ளைதான் மூன்று வயதுப் பிள்ளைக்குக் காவல். அத்தகைய வீட்டில் குழந்தை காணாமல் போனால் முதலில் எழுவது, “பிள்ளையைத் தனியே விட்டுப் போகலாமா?” என்ற கேள்வி. அதைக் கேட்பவர்களும் நாம்தாம். காவல் நிலையத்துக்கு நடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. பத்தாவது நாளில் வேலையே போகிறது.

அச்சத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், போளூர் அருகே அத்திமூரில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகக் கடத்தல்காரி என்று அடித்துக் கொல்லப்பட்டார். வாட்ஸ்அப் வதந்தி செய்த வேலை அது. நம் தெருக்களில் வாடகைக்கு இருக்கும் பீகார், ஒடிசா தொழிலாளர்களை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு நடுங்குகிறது.

பிள்ளையை இழந்த பெற்றோரிடம் “சப்ர் செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கலைந்து செல்வது நம்மிடையே உள்ள வழக்கம். யஅகூப் (அலை) அவர்களின் பொறுமையை எடுத்துக்காட்டாகவும் கூறுவோம். ஆனால் அவர்கள் அழுதார்கள். கண்கள் வெளுத்துப் போகுமளவு அழுதார்கள். யூசுஃபையும் அவர் சகோதரரையும் தேடிச் செல்லுமாறும், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாமென்றும் மக்களுக்குக் கட்டளையிட்டதும் அவர்கள்தாம் (12:87). தேடலை நிறுத்தச் சொல்லும் பொறுமையை நாம் எங்கிருந்து கற்றோம்? வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்கிறது 33:5 வசனம். அநாதைகளை அரவணைப்பதை இவ்வளவு வலியுறுத்தும் மார்க்கமே வம்சாவளியை அழிப்பதைத் தடுத்திருக்கிறது. போலிக் கையொப்பத்தால் ஒரு தாயின் உரிமையை அழித்தவர்கள் செய்த அநியாயத்தின் ஆழம் இங்கே விளங்கும்.

காணாமல் போன குழந்தை பற்றிய புகார் ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2013 மே 10இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. “ஒரு நாள் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினால் அதை ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாத தாய் தனியாகப் போய் நின்றால் இந்த உத்தரவு யாருக்கு நினைவிருக்கும்? மஹல்லாவிலிருந்து இருவர் உடன் செல்ல வேண்டும். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். 1098 எண்ணுக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். தொழுகை அறிவிப்புக்குப் பயன்படும் ஒலிபெருக்கி, எந்தச் சமயத்தவரின் குழந்தையாயினும் அடுத்த பத்து நிமிடத்தில் அடையாளத்தைச் சொல்லலாம். புகைப்படத்தைப் பகிரும்போது சந்தேகத்தைப் பகிராமல் இருக்கலாம். தேடி அலையும் நாட்களில் அந்த வீட்டின் கூலியைப் பைத்துல்மாலிலிருந்து ஈடுசெய்வது பற்றி ஜமாஅத் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.