சொல்லுக்கும் மண் உண்டு

மொழி என்பது இலக்கண விதிகளின் மூட்டையன்று. மக்களின் வாழ்க்கை அது. ஸ்பானிய மொழி பயில விரும்பும் மாணவ நண்பர்கள் இதை முதற்பாடமாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்பானியம் ஸ்பெயின் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை பல நாடுகளின் தாய்மொழி அது. கியூபாவில் ‘குவாகுவா வருகிறது’ என்றால் பேருந்து வருகிறது என்று பொருள். சிலி நாட்டிலோ அதே சொல் கைக்குழந்தையைக் குறிக்கும்! அகராதியை மட்டும் மனனம் செய்தவன் பாடு திண்டாட்டம்தான்.

இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கலாகாது. வெண்ணெய்ப் பழத்தை மெக்சிகோவினர் ‘அகுவாகாத்தே’ என்பர். பெரு நாட்டினர் ‘பால்தா’ என்பர். முன்னது ஆஸ்டெக் மக்களின் நவாத்தல் மொழி தந்தது. பின்னது இன்காக்களின் கெச்சுவா மொழி தந்தது. வென்றவரின் மொழிக்குள் வெல்லப்பட்டவரின் சொற்கள் இன்றும் வாழ்கின்றன. அவற்றைக் கல்லாதவன் அம்மக்களையே காணாமல் கடந்து போகிறான்.

“முதலில் செம்மொழி வழக்கு, வட்டார வழக்கு பிறகு” என்பாரும் உளர். பொது இலக்கணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் செம்மை எது? அர்ஜென்டினாவில் நண்பனை ‘வோஸ்’ என விளிப்பர். ஒரு காலத்தில் ஸ்பெயினில் பெரியோரை விளித்த சொல் அது. தாயகத்தில் மறைந்தது, கடல் கடந்து வாழ்கிறது. அதைக் கொச்சை எனல் தகுமா? 1713-இல் மாட்ரிடில் தோன்றிய அரச மொழிக்கழகமும் பிற நாட்டுக் கழகங்களும் இணைந்த சங்கமே 2010-இல் அமெரிக்க வழக்குச் சொற்களுக்குத் தனி அகராதி வெளியிட்டது. புலவர்கள் ஏற்றதை மாணவர்கள் தள்ளலாமா?

சொல் தெரிந்தாலும் போதாது. வழக்கமும் தெரிய வேண்டும். அர்ஜென்டினாவில் நண்பர்கள் கூடி ‘மாத்தே’ என்னும் இலைப் பானத்தை ஒரே குடுவையில் முறைவைத்து அருந்துவர். குடுவையைத் திருப்பித் தருகையில் ‘கிராசியாஸ்’ என்றால் அகராதிப்படி ‘நன்றி’; அங்கோ ‘எனக்குப் போதும்’ என்று பொருள். முதற் சுற்றிலேயே நன்றி சொன்ன பண்பாளனுக்கு இரண்டாம் சுற்று கிட்டாது!

ஆகவே, நண்பர்களே, ஏதேனும் ஒரு நாட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்நாட்டுப் பாட்டு, உணவு, வேடிக்கைப் பேச்சு இவற்றோடு சேர்த்து இலக்கணத்தைப் பயிலுங்கள். பிறிதொரு நாட்டு வழக்குக் காதில் விழும்போது ‘தவறு’ என்னாதீர்கள். ‘இது எந்த ஊர்ச் சொல்?’ என்று கேளுங்கள். மொழியறிவு அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.