உத்தரகண்ட் காட்டுத்தீ: கோடையில் அணைப்பதா, குளிர்காலத்திலேயே தடுப்பதா?

டேராடூன்: உத்தரகண்ட் மாநிலத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான நான்கு மாதங்கள் காட்டுத்தீ காலமாகக் கருதப்படுகின்றன. ஆயினும், காட்டுத்தீ குறித்த விவாதம் பெரும்பாலும் ஏப்ரல் இறுதியில், புகை மலை நகரங்களைச் சூழ்ந்த பிறகே எழுகிறது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவழைக்கப்படுகின்றன. நீதிமன்றங்கள் விளக்கம் கோருகின்றன. முதல் மழை பெய்ததும் அனைத்தும் அடங்கிவிடுகின்றன.

இந்த வழக்கம் எத்தகைய இழப்பில் முடியும் என்பதை 2024-ஆம் ஆண்டு உணர்த்தியது. அல்மோரா மாவட்டத்தின் பின்சர் வனவிலங்கு சரணாலயத்தில் ஜூன் 13 அன்று தீயை அணைக்கச் சென்ற வனப் பணியாளர்கள் நால்வர் தீயில் சிக்கி உயிரிழந்தனர். மேலும் நால்வர் படுகாயமடைந்தனர். தீ காலம் முடிவடைய அப்போது இரண்டு நாள்களே எஞ்சியிருந்தன.

கண்டறிவதில் குறையில்லை

இந்தியாவின் வனப்பரப்பில் 36 சதவீதத்துக்கும் அதிகமான பகுதி அடிக்கடி தீப்பற்றும் அபாயத்தில் இருப்பதாக டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அந்நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2022-23 தீ காலத்தில் உத்தரகண்டில் 5,351-ஆக இருந்த செயற்கைக்கோள் தீ எச்சரிக்கைகள், 2023-24-இல் 21,033-ஆக உயர்ந்து, நாட்டிலேயே முதலிடத்தைப் பிடித்தன. அதே காலத்தில் நாடு முழுவதுமான எச்சரிக்கைகளின் எண்ணிக்கை சற்றே குறைந்திருந்தது.

இந்த எண்களைக் கவனத்துடன் படிக்க வேண்டும். 375 மீட்டர் பக்க அளவுள்ள ஒரு சதுர நிலப்பரப்பில் உணரப்படும் வெப்பமே ஓர் எச்சரிக்கையாகப் பதிவாகிறது. பல நாள்கள் எரியும் ஒரே தீ, பல எச்சரிக்கைகளை உருவாக்கக்கூடும். எனினும், ஒரே ஆண்டில் ஏற்பட்ட நான்கு மடங்கு உயர்வு, வறண்ட குளிர்காலத்துக்குப் பிறகு மலைக்காடுகள் எவ்வளவு எளிதில் எரிகின்றன என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2024 ஜனவரியில் அம்மாநிலத்தில் மழை ஏறக்குறைய முற்றிலும் பொய்த்திருந்தது.

செயற்கைக்கோள் தகவல் குறுஞ்செய்தியாக வன அலுவலர்களைச் சென்றடைகிறது. அதன் பிறகு செங்குத்தான சரிவில் ஏறித் தீயை நெருங்க வேண்டியவர் மனிதரே. சாலையிலிருந்து பல மணி நேரம் நடக்க வேண்டிய இடங்களில் எச்சரிக்கையின் வேகத்துக்கு ஈடாக ஆள்கள் செல்ல முடிவதில்லை. தீ மூண்ட இடத்துக்கு மிக அருகில் இருப்பவர்கள் கிராம மக்கள்தான்.

நீதிமன்றத்தில் வெளிப்பட்டவை

2023 நவம்பர் முதல் 398 தீ நிகழ்வுகள் நேர்ந்ததாகவும், அவை அனைத்தும் மனிதர்களால் ஏற்பட்டவை என்றும் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் மாநில அரசு தெரிவித்தது. 350 வழக்குகள் பதியப்பட்டு, அவற்றில் 62 பேரின் பெயர்கள் சேர்க்கப்பட்டிருந்தன. பெரும்பாலான வழக்குகளில் தீ வைத்தவர் யாரென்றே அறிய முடியவில்லை என்பதையே இது காட்டுகிறது. தண்டனை குறித்த அச்சத்தால் மட்டும் காட்டைக் காக்க இயலாது.

செயற்கை மழையையோ மழைக் கடவுளையோ நம்பியிருப்பது தீர்வாகாது என்று அவ்விசாரணையில் நீதிபதிகள் குறிப்பிட்டனர். தீ காலத்தின் உச்சத்தில் வனப் பணியாளர்கள் தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்டதையும், பணியிடங்கள் காலியாக இருப்பதையும், கோரப்பட்ட நிதியில் ஒரு பகுதியே விடுவிக்கப்பட்டதையும் நீதிமன்றம் கேள்விக்குள்ளாக்கியது. இவை மூன்றும் இயற்கையின் சீற்றத்தால் நேர்ந்தவை அல்ல. முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை.

அந்நியமாகிப்போன காடு

மத்திய இமயமலையின் தாழ்ந்த, நடுத்தர உயரச் சரிவுகளில் சிர் பைன் மரங்கள் பரந்து வளர்ந்துள்ளன. 'பிருல்' என்று அழைக்கப்படும் அவற்றின் உலர்ந்த ஊசியிலைகள் பிசின் தன்மை கொண்டவை. கோடையில் தரையெங்கும் மெத்தைபோல் படிந்து, ஒரு பீடித் துண்டு விழுந்தாலும் பற்றிக்கொள்ளும். ஊசியிலை மூடிய இடத்தில் புல் முளைப்பதில்லை என்பதால், கால்நடைத் தீவனத்துக்காக அதற்குத் தீ வைக்கும் பழக்கமும் உண்டு. வயல் கழிவுகளை எரிக்கும்போது காற்றில் பறக்கும் பொறி மற்றொரு காரணம்.

காட்டுத்தீக்கும் வன உரிமைக்கும் இடையிலான தொடர்பு இங்கு நூறாண்டுப் பழமையானது. ஆங்கிலேய அரசு காடுகளைக் காப்புக்காடுகளாக அறிவித்து மக்களின் உரிமைகளைக் குறுக்கியதை எதிர்த்து, 1921-இல் குமாவுன் பகுதியில் பல காடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அதன் பிறகு அமைக்கப்பட்ட குறைகேட்புக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1931-இல் வனப் பஞ்சாயத்துகளுக்கான விதிகள் உருவாகின. கிராமத்தாரே தேர்ந்தெடுக்கும் இத்தகைய பஞ்சாயத்துகள் இன்று 11,000-க்கும் அதிகமாக உள்ளன. ஆனால், விதிகள் திருத்தப்படுந்தோறும் வனத்துறையின் பிடி இறுகியதாகவும், போதிய நிதி கிடைப்பதில்லை என்றும் அவற்றின் நிர்வாகிகள் நீண்டகாலமாகக் குறை கூறி வருகின்றனர்.

இடம்பெயர்வு நிலைமையை மேலும் கடினமாக்கியுள்ளது. 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளற்றுப் போனதாக மாநில இடம்பெயர்வு ஆணையம் 2018-இல் தெரிவித்தது. கைவிடப்பட்ட வயல்களில் புதர் மண்டுகிறது. காட்டுக்கும் ஊருக்கும் இடையே இருந்த பசுமையான இடைவெளி மறைகிறது. தீயை அணைக்க ஓடி வரும் கைகளும் குறைகின்றன.

ஷீத்லாகேத் காட்டும் வழி

அல்மோரா மாவட்டத்தின் ஷீத்லாகேத் பகுதி இதற்கு மாற்றான அனுபவத்தைத் தருகிறது. அங்குள்ள மகளிர் குழுக்களும் வனப் பஞ்சாயத்துகளும் வனத்துறையும் இணைந்து, வயல்களில் குவிக்கப்படும் புதர்க் கழிவுகளை மார்ச் 31-க்குள் எரித்து முடிப்பதென முடிவு செய்தன. ஏப்ரல் 1 'ஓண் தினமாக'க் கடைப்பிடிக்கப்படுகிறது; உள்ளூர் மொழியில் 'ஓண்' என்பது அந்தக் கழிவுக் குவியலைக் குறிக்கும். வெப்பமும் காற்றும் வலுக்கும் ஏப்ரல், மே மாதங்களில் வயலில் நெருப்பு இல்லை என்றால், காட்டுக்குப் பரவும் பொறியும் இல்லை. தீ மூண்டால் முதலில் ஓடுவோரும் இப்பெண்களே. ஊரின் நீரூற்றுகள் அந்தக் காட்டை நம்பியே இருப்பதை அவர்கள் அறிவர்.

இம்முறைக்குப் பெருந்தொகை தேவையில்லை. வேளாண் வழக்கத்தின் காலத்தைச் சில வாரங்கள் முன்னுக்கு நகர்த்தியதும், பொறுப்பை ஊரே ஏற்றதும்தான் இதன் பலம். ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களில் இலுப்பைப் பூ சேகரிப்போர் மரத்தடிச் சருகுகளை எரிப்பதற்குப் பதிலாக வலை விரித்துப் பூக்களைச் சேகரிப்பதும் இத்தகைய முயற்சியே.

நாள்காட்டியை மாற்ற வேண்டும்

பிருல் ஊசியிலையைச் சேகரித்து வருவோருக்கு வழங்கும் தொகையைக் கிலோவுக்கு ரூ.3-இலிருந்து ரூ.50-ஆக உயர்த்துவதாக உத்தரகண்ட் அரசு 2024 மே மாதம் அறிவித்தது. நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால், காடுகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் வந்த அறிவிப்பு அது. எடை குறைந்து இடத்தை அடைக்கும் ஊசியிலையைச் சரிவுகளிலிருந்து இறக்கிக் கொண்டுவர, கொள்முதல் மையங்களும் போக்குவரத்தும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும்.

தீத்தடுப்புக் கோடுகளைத் துப்புரவு செய்தல், கட்டுப்படுத்தப்பட்ட முறையில் சருகுகளை எரித்தல், பருவகாலக் காவலர்களை நியமித்துப் பயிற்சியளித்தல் ஆகிய அனைத்தும் பிப்ரவரிக்கு முன் முடிய வேண்டிய பணிகள். இவற்றுக்கான நிதி நவம்பரிலேயே பிரிவு அலுவலகங்களையும் வனப் பஞ்சாயத்துகளையும் சென்றடையாவிட்டால், 2018-இல் மத்திய அரசு வகுத்த தேசிய காட்டுத்தீ செயல்திட்டம் காகித அளவிலேயே நின்றுவிடும்.

மற்றொரு கடமையும் அரசுக்கு உண்டு. காட்டில் உரிமை பெற்றவர்கள் தீயணைப்பில் உதவ வேண்டும் என்று 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு கூறுகிறது. அவ்வாறு உதவ வருவோருக்குத் தீத்தாங்கும் உடை, காலணி, முதலுதவி, காப்பீடு ஆகியவற்றை உறுதி செய்யாமல் கடமையை மட்டும் நினைவூட்டுவது நியாயமாகாது. பயிற்சி பெற்ற பணியாளர்களே பின்சரில் உயிரிழந்த நிலையில், பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு தீயை நோக்கி ஓடும் கிராமத்துப் பெண்ணின் பாதுகாப்பு குறித்து அரசு மௌனமாக இருக்க முடியாது.

ஹெலிகாப்டர்கள் ஏரி நீரை மொண்டு வந்து ஊற்றும் காட்சி, தடுப்புப் பணி தோற்றுவிட்டதன் அடையாளமாகும். அடுத்த கோடையில் அக்காட்சி மீண்டும் தேவைப்படுமா என்பதை, அதற்கு முந்தைய குளிர்காலத்தில் கிராமங்களுக்கு எவ்வளவு நிதியும் அதிகாரமும் சென்று சேர்கின்றன என்பதே தீர்மானிக்கும்.