நரி, கீரி, சாரை: முழு உடலாக விற்பது குடியானவர்க்கு லாபமா?

கிளிஞ்சல்மேட்டின் மணற்பாங்கிலும் அதற்கு மேற்கேயுள்ள நன்செய் வரப்புகளிலும் நரி, கீரி, சாரைப்பாம்பு ஆகிய மூன்றும் குடியானவர் கண்ணில் அடிக்கடி படுவனவே. கோழியைத் தூக்கிற்று என்று கீரியை அடிப்பதும், ஆட்டுக்குட்டிக்கு ஆபத்தென்று நரிக்குக் கண்ணி வைப்பதும், பாம்பென்ற பெயருக்காகவே சாரையைக் கொல்வதும் பழைய வழக்கம். கொன்றபின் அவ்வுடலைப் புதைப்பானேன், தோலும் மயிரும் வாங்குவோரிடம் அப்படியே தள்ளிவிட்டால் நாலு காசாவது கிட்டுமே என்று கருதுவோர் உண்டு. இது சட்டத்துக்கு மாறானது என்பதைப் பின்னர்க் கூறுவோம். முதலில் இது கணக்கிலேயே நஷ்டம் என்பது நமது அபிப்பிராயம்.

முழு உடலாக விற்கும் வழக்கம் குளிர்தேசங்களுக்கு உரியது. வட அமெரிக்காவில் கயோட்டி என்னும் நரியினப் பிராணியைத் தோலுரிக்காமலே வியாபாரியிடம் கொண்டுபோய்க் கொடுப்பதுண்டு. அங்கே பனிக்காலத்தில் அதன் மயிர் அடர்ந்து வளரும். உடலும் குளிரில் உறைந்து கெடாதிருக்கும். அப்படியிருந்தும், உரித்துப் பதப்படுத்தும் கூலியைக் கழித்துக்கொண்டே வியாபாரி விலை கொடுக்கிறான். நம் நாட்டு வெயிலிலோ ஒரு பகற்பொழுதுக்குள் வயிறு பச்சை பாரித்து, மயிர் கழன்றுவிடும். மேலும், நம் கடற்கரை நரிக்குக் கம்பளித் தோல் என்று சொல்லத்தக்க மயிரே இல்லை. ஆகவே, இங்கே நரியுடலை விலைக்குக் கேட்பவன் மயிர்த்தோலுக்காகக் கேட்கிறான் என்று எண்ணுவதற்கில்லை. எலும்பையும் தோலையும் சேர்த்துச் சமைத்து, அதிருஷ்டம் தரும் ‘நரிக்கொம்பு’ என்று பிறர் தலையில் கட்டுவதே அவ்வியாபாரத்தின் மர்மம். நரிக்குக் கொம்பு ஏது? படித்தவர் வீட்டு இரும்புப்பெட்டியிலும் இச்சரக்கு இருப்பதுதான் வேடிக்கை.

கீரியின் விஷயம் வேறு. அதன் மயிரைப் பிடுங்கிச் சித்திரக்காரரின் தூரிகை செய்வார்கள். ஒரு கீரியினிடம் கிடைப்பது சில பத்துக் கிராம் மயிரே. ஆதலால், ஒரு கிலோ மயிர் சேர எத்தனை வயல்களின் கீரிகள் ஒழியவேண்டும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். முழு உடலுக்கு வியாபாரி எறியும் காசு அவனுடைய தூரிகை விலையில் மிக அற்பமான பாகம்.

சாரைப்பாம்பின் சரித்திரம் இன்னும் தெளிவானது. ஒரு காலத்தில் சென்னைப் பட்டணம் பாம்புத்தோல் வியாபாரத்துக்குப் பெயர்பெற்ற இடம். செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள் பிடித்த பாம்புகளின் தோல் பதனிடப்பட்டு, பைகளும் செருப்புகளும் அரைக்கச்சைகளும் செய்வதற்காக வெளிதேசம் சென்றது. பிடித்தவர் ஏழையாகவே இருந்தார். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1976-ல் வந்த ஏற்றுமதித் தடையும் அவ்வியாபாரத்தை முடித்தன. பிழைப்பிழந்த இருளர்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்து, மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலியில், நல்லபாம்பு முதலிய நால்வகை விஷப்பாம்புகளை உயிருடன் சில வாரம் வைத்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடலாயினர். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. ஒரே தரம் உரித்து விற்றதைக் காட்டிலும், உயிரோடு விட்டதில் அவர்களுக்கு நிலையான வருமானம் ஏற்பட்டது.

நிலமுடையாருக்கு அப்படிப்பட்ட வருமானம் எலிக் கணக்கில் இருக்கிறது. வரப்பெலி ஒரு ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் போடும். கர்ப்பகாலமோ மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். அது தூர்களைக் கத்தரித்து, கதிர்களை வளைக்குள் இழுத்துச் சேமித்து, வரப்பையும் துளைத்துத் தண்ணீரை வீணாக்குகிறது. சம்பா கதிர் முற்றும் சமயத்திலும், அறுவடைக்குப்பின் உளுந்து, பயறு நிற்கும்போதும் இதன் தொல்லையை அறியாத மிராசுதார் காரைக்கால் பகுதியில் இரார். நரி இரவில் வயல் நண்டையும் எலியையும் தேடித் தின்கிறது. கீரி பகலில் வரப்போரம் திரிகிறது. சாரையோ வளைக்குள்ளேயே நுழைந்து குஞ்செலிகளையும் விழுங்குகிறது. இம்மூன்றும் கூலி கேட்பதில்லை. இவற்றைக் கிடைத்த விலைக்கு அனுப்பிவிட்டு, எலிப் பாஷாணத்துக்குக் கடையில் பணம் கட்டுவது என்ன சிக்கனமோ அறியோம். அப்பாஷாணத்திலும் சிலவகை, அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையையும் கொல்லக்கூடியது.

இவை கெடுதலே செய்யா என்று நாம் சாதிக்கவில்லை. கோழி போகும், ஆட்டுக்குட்டியும் போகலாம். கடலோரத்தில் பங்குனி ஆமை இட்ட முட்டைகளை நரியும் நாயும் தோண்டுவதும் உண்மையே. ஆனால் கூண்டை அந்தியில் அடைப்பதும், குட்டிகளைப் பட்டியில் கட்டுவதும் குடியானவர் கைக்கு எட்டின காரியங்கள். எலியை வயலுக்கு வெளியே அடைக்கக் கதவில்லை.

இனி கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது. 2022-ல் திருத்தப்பட்டு, 1-4-2023 முதல் அமலிலுள்ள சட்டப்படி நரி முதல் அட்டவணையில் சேர்ந்தது. அவ்வட்டவணைப் பிராணியைக் கொன்றால் 3 முதல் 7 வருஷம் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கீரியும் சாரையும் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பனவே. தன் உயிரைக் காக்க ஒருவர் கொல்ல நேரினும், அவ்வுடல் சர்க்கார் சொத்தேயொழியக் கொன்றவரின் சொத்தன்று. பட்டா நிலத்தில் கிடந்தாலும் அப்படியே. அதைக் கைவசப்படுத்தியவர் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்துக்கோ உரிய அதிகாரிக்கோ தெரிவிக்கவேண்டும். ‘செத்ததைத்தானே விற்றேன்’ என்னும் சமாதானம் செல்லாது. தவிர, வெறிநோய் கண்ட நரி எதுவென்று பார்த்தவுடன் சொல்லமுடியாது. அதன் எச்சில் கைக்காயத்தில் பட்டாலும் ஆபத்து. சாக்கில் கட்டித் தூக்கிச் செல்லும் கூலியாளுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

உடலை வாங்க ஆள் வருவதாகக் கேள்விப்பட்டால், கிராம அதிகாரி வனத்துறைக்கு உடனே எழுதுவது நலம். பிடிப்பவர் பெரும்பாலும் வேறு பிழைப்பில்லாதவராதலால், அவரைமட்டும் பிடித்துக்கொடுத்து வாங்குபவனை விட்டுவிடுதல் நியாயமாகாது. அவருக்கு நிலமுடையார் வேறு வேலை கொடுக்கலாம். டெல்டாவில் மூங்கிற் கிட்டி வைத்து, பிடித்த எலிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோர் வெகுகாலமாக உண்டு. நாலைந்து பங்காளிகள் சேர்ந்து, நடவான சில நாட்களிலேயே தொடர்ச்சியான வயல்கள் முழுவதிலும் ஒரே சமயத்தில் கிட்டி வைக்கச் செய்தால் செலவு குறையும். ஒருவர் வயலில் மாத்திரம் வைத்தால், அடுத்த வரப்பெலி வந்து அவ்வளையில் குடியேறிவிடும்.