பரப்பளவில் முதலிடம் பெற்ற இடுக்கி: மலை மக்களுக்கு அரசு அலுவலகம் அருகில் வந்ததா?

திருவனந்தபுரம்: கேரளத்தின் மிகப் பெரிய மாவட்டம் என்ற இடத்தை இடுக்கி 2023 செப்டம்பரில் பாலக்காட்டிடமிருந்து மீண்டும் பெற்றது. எர்ணாகுளம் மாவட்டத்தின் குட்டம்புழா கிராமத்திலிருந்து சுமார் 12,718 ஹெக்டேர் நிலம் இடுக்கியின் இடமலைக்குடி கிராமத்துடன் சேர்க்கப்பட்டதே இதற்குக் காரணம். 1997-இல் குட்டம்புழா எர்ணாகுளத்துக்கு மாற்றப்பட்டபோது இடுக்கி அந்த இடத்தை இழந்திருந்தது.

பரப்பளவுப் பட்டியலில் இடம் மாறினாலும், மலைவாழ் மக்களின் முதன்மையான சிக்கல் அப்படியே நீடிக்கிறது. அது அரசு அலுவலகங்களின் தொலைவு.

கோட்டயத்தில் இயங்கிய தலைமையகம்

கோட்டயம் மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களும், எர்ணாகுளத்தின் தொடுபுழா வட்டத்தின் பெரும்பகுதியும் இணைக்கப்பட்டு 1972 ஜனவரி 26-இல் இடுக்கி மாவட்டம் உருவானது. ஆயினும் அதன் தலைமையகம் 1976 வரை கோட்டயத்திலேயே இயங்கியது. அதன் பின்னரே பைனாவுக்கு மாறியது. இன்றும் மூணாறில் இருந்து பைனாவு செல்ல சுமார் 60 கி.மீ. மலைப்பாதையைக் கடக்க வேண்டும். மாவட்டத்தில் ரயில் பாதையும் இல்லை.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். 1956-இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது கன்னியாகுமரிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இவ்விரு வட்டங்களும் கேரளத்தில் நீடித்தன. அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தும் உரிமையை 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு வழங்குகிறது. அலுவலகமே எட்டாத தொலைவில் இருந்தால் அந்த உரிமையின் பயன் குறைந்துவிடும்.

இடமலைக்குடியின் பாடம்

எல்லை மாற்றத்தில் இடம்பெற்ற இடமலைக்குடியே இதற்குச் சான்று. முதுவான் பழங்குடியினர் வாழும் இப்பகுதி 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. ஆனால் அதன் அலுவலகம் பல ஆண்டுகள், காட்டைக் கடந்து செல்ல வேண்டிய தேவிகுளத்திலேயே இயங்கியது. ஊராட்சி என்ற தகுதி முதலில் வந்தது, சேவை பின்தங்கியது.

லடாக்கின் வழி

சான்ஸ்கர், திராஸ், ஷாம், நுப்ரா, சாங்தாங் ஆகிய ஐந்து புதிய மாவட்டங்களை லடாக்கில் உருவாக்கும் முடிவை மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 26-இல் அறிவித்தது. அதுவரை லே, கார்கில் என இரண்டே மாவட்டங்கள் இருந்தன. 2011 கணக்கெடுப்பின்படி 3 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட லடாக்கில், மக்கள் எண்ணிக்கையைவிடத் தொலைவே அளவுகோலாகக் கொள்ளப்பட்டுள்ளது. கேரளத்தில் 1984-இல் உருவான காசர்கோடுக்குப் பின் புதிய மாவட்டம் எதுவும் அமைக்கப்படவில்லை.

புதிய மாவட்டம் அமைப்பதற்குப் பெரும் செலவாகும். அதற்கு முன்பாகவே கேரள அரசு செய்யக்கூடியவை உண்டு. கிராம அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், மழைக்காலத்திலும் பயன்படும் சாலை ஆகிய மூன்றும் குடியிருப்புகளுக்கு அருகில் அமைந்தால், சாதிச் சான்றிதழுக்காக ஒரு தொழிலாளி நாள் கூலியை இழக்கும் நிலை மாறும். எல்லை மாற்றத்தால் விளைந்த பயனை மலை மக்கள் அதைக் கொண்டே மதிப்பிடுவர்.