கட்டிலுக்குக் காப்புறுதி, இடுப்புக்கு இல்லை



திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கொந்தரப்பில் மூட்டை தூக்குகிறவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1977 இனவன்செயலுக்குப் பின் மலைநாட்டைவிட்டு வடக்கு, கிழக்குக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர். லயத்தில் பிழைக்க வழியில்லாமல் பிறகு வந்தவர்கள் சிலர். தாய் மலையில் கொழுந்துக் கூடை சுமக்கிறாள். மகன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறான். இருவருக்கும் ஒரே வியாதி, தீராத இடுப்பு வலி.

இதைப் பற்றிக் கேட்டால் தோட்ட நிர்வாகமும் கொந்தரப்புக்காரரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "உங்களுக்குத்தான் காப்புறுதி இருக்கிறதே!"

எதற்கு இருக்கிறது? வார்டில் கட்டில் பிடித்துப் படுத்தால் பணம் வரும். தீராத வலிக்கு யாரும் கட்டில் தருவதில்லை. 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத் தனி நோய் வகையாகவே உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது; அந்தப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான வைத்தியம் கிளினிக், பிசியோதெரபி, உடற்பயிற்சி, மாதக்கணக்கில் மாத்திரை. இவை எதற்கும் கட்டில் தேவையில்லை. ஆகவே பணமும் இல்லை.

சட்டத்தைப் பார்ப்போம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் விபத்தையும், அட்டவணையிலுள்ள தொழில் நோய்களையும் பேசுகிறது. ஒரே நாளில் முதுகில் விழுந்த மூட்டைக்கு நட்டஈடு கேட்கலாம். இருபது வருஷம் சுமந்த மூட்டைக்கு எந்தத் திகதியைப் போட்டு மனு எழுதுவது? நமக்காக முதலாளி 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியம் இருதய சத்திரசிகிச்சைக்கும், கண்வில்லைக்கும், சிறுநீரக மாற்றத்துக்கும் உதவுகிறது. நல்லது. இடுப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

"அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தானே?" என்பார்கள். ஆம், அது நம் உரிமை. அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் கிளினிக் போகும் நாளில் பேர் விழாது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்தே கணக்குப் பாருங்கள். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி என்றால் மாதம் எட்டுப் பேர், 10,800 ரூபாய் போய்விடும். பஸ் காசு வேறு.

ஆகவே நம் ஆட்கள் பாமசியில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். டைக்குளோபினாக் போன்ற மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். இடுப்புக்குத் தராத பணத்தைச் சிறுநீரகம் செத்த பிறகு தருகிற ஏற்பாடு இது!

முடியாத காரியத்தையா கேட்கிறோம்? கடலுக்கு அப்பால் இந்தியாவில் 1948இலேயே தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவரப்பட்டது; அந்தக் காப்புறுதித் திட்டம் இன்றும் இருக்கிறது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 வீதம், முதலாளி 3.25 வீதம். அதில் சேர்ந்தவருக்குக் கட்டிலில் படுக்காமலே வைத்தியம் உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 வீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கிறது.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். நாட்சம்பளத்துக்காகப் பல தடவை தெருவில் இறங்கினோம். காப்புறுதிப் பத்திரத்தை ஒரு தடவையாவது முழுதாக வாசித்தோமா? பேச்சுவார்த்தை மேசையில் "காப்புறுதி உண்டு" என்றதும் தலையாட்டிவிட்டு எழும்பி வந்தோம்.

இனி அப்படி எழும்பக் கூடாது. நம் கோரிக்கைகள் மூன்று:

முதலாவது, காப்புறுதி கிளினிக்குக்கும் பிசியோதெரபிக்கும் மருந்துக்கும் பணம் தர வேண்டும். "முன்பே இருந்த நோய்" என்று சாட்டுச் சொல்லித் தள்ளக் கூடாது.

இரண்டாவது, கிளினிக் சிட்டை காட்டினால் அன்றைக்குப் பேர் போட வேண்டும்.

மூன்றாவது, சுமையால் வரும் முதுகு, இடுப்பு நோய்களைத் தொழில் நோய் அட்டவணையில் சேர்க்க வேண்டும். கொந்தரப்புத் தொழிலாளிக்கும் இது பொருந்த வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள். ஒன்றாக உட்கார்ந்து வரிக்கு வரி வாசிப்போம்.