பிடிக்கக் காத்து வேணும்... பிடிச்சப்புறம் காத்தே கூடாது!

ஆஸ்துமாவுக்கு மருந்து கொடுக்கிற நெபுலைசர் தெரியும்ல? ஃபிசிக்ஸ் லேப்லயும் அதுக்கு வேலை இருக்கு பாஸ்! ஆல்கஹாலில் கலந்த சிலிக்கா நானோ துகள்களை அது புகை மாதிரி தூவும். அதில் ஒண்ணு, குவிந்த லேசர் ஒளியில் சிக்கி அந்தரத்தில் நிற்கும். துகளுக்கு பிரேக் போட்டுச் சிக்கவைப்பது காற்றுதான். ஆனா, சோதனைக்கு வெற்றிடம் வேணுமே! காற்றை உறிஞ்ச உறிஞ்ச பிரேக் போச்சு, துகள் நழுவிடலாம். நழுவினா மறுபடி முதல்லேர்ந்து! அதனால, அதன் ஆட்டத்தை நொடிக்கு நொடி கவனிச்சு அடக்குறாங்க. இந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. 2020-ல் வியன்னா விஞ்ஞானிகள் 143 நானோமீட்டர் துகளின் ஆட்டத்தை, ஒரு திசையில், குவாண்டம் விதி அனுமதிக்கும் கடைசிப் படி வரை குறைச்சுட்டாங்க!

மூணாவது தடவையும் லேப்ல ரீடிங் வரலையா? டென்ஷன் ஆகாதீங்க மக்களே... அடுத்த துகளைத் தூவுங்க!