முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே வீடா?

ஆரம்ப வகுப்புச் சுவர்களில் தொங்கும் குழுச் சித்திரங்களைப் பாருங்கள். முப்பது பிள்ளைகள் சேர்ந்து செய்த ஒட்டுச் சித்திரம் என்று எழுதியிருக்கும். வீடுகளோ ஒரே அச்சு: சிவப்பு ஓடு, இரண்டு ஜன்னல், பின்னால் மலை. (யாழ்ப்பாணத்தில் ஏது மலை?) ஆசிரியை வெட்டிக் கொடுத்ததைப் பிள்ளைகள் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைக் கூட்டு வேலை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்தப் படங்களோடு கட்டட வரைபடங்களையும் தன் ஓவியங்களையும் சேர்த்து 2011இல் நூலாக்கினார். ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான ‘தோம்பு’ அதன் தலைப்பில் இருக்கிறது. மக்கள் வரைந்த கோணல் கோடுகள் கோணலாகவே அதில் உள்ளன.

வகுப்பறையிலும் இது முடியும். ஒரு பெரிய கடதாசி போதும். பனையோலை, சீமெந்துப் பை, உம்மாவின் பழைய சேலைத் துண்டு, தகரக் கூரைக்கு மின்னும் பிஸ்கட் உறை என்று கிடைத்ததைக் கொண்டுவந்து ஒவ்வொருவரும் தம் வீட்டை ஒட்டட்டும். வாடகை வீடும் வரட்டும். 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை இரண்டு வீடு கேட்கலாம்: தான் இருப்பது ஒன்று, உம்மம்மா சொல்லிச் சொல்லிக் காட்டியது மற்றது. அவளிடம் வெட்டிய ஓட்டு வீட்டை நீட்டினால் இரண்டாவது வீடு எங்கே போகும்?

கண்காட்சிக்கு வடிவாக இராது என்பார்கள். கண்காட்சிக்கு வரும் பெற்றோர் தேடுவது தம் பிள்ளை செய்ததைத்தானே? எல்லாம் ஒரே வீடாக இருந்தால், எதைத் தொட்டு “இது நான் செய்தது” என்று பிள்ளை காட்டும்?